தேங்காய் எண்ணெயா, தேங்காய் மெழுகா, பாரஃபினா? புதுச்சேரி வெயிலில் வீட்டு மெழுகுவத்தி

மே மாதத்து மதியம் ஒன்றில் தொடங்குகிறேன். பன்னிரண்டு கண்ணாடி டம்ளர்களில் தேங்காய் எண்ணெயை ஊற்றி, நடுவில் திரி நிறுத்தி, இரவு முழுவதும் ஃபிரிட்ஜில் வைத்திருந்தேன். காலையில் எடுத்தபோது பால் வெள்ளையாக, கல்யாண வீட்டில் கொடுக்கலாம் போல இருந்தன. மாடியறை அலமாரியில் வரிசையாக அடுக்கிவிட்டுச் சந்தைக்குப் போனேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்து பார்த்தால், பன்னிரண்டு டம்ளரிலும் தெளிந்த எண்ணெய். திரிகள் குளத்தில் விழுந்த புழு மாதிரி படுத்துக் கிடந்தன. அத்தை மாடிக்கு வந்து ஒரு டம்ளரைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, இதில் மெழுகுவத்தி எங்கே இருக்கிறது? விளக்கேற்ற எண்ணெய்தானே ஊற்றி வைத்திருக்கிறாய்?"

அப்போது கோபம் வந்தது. பிறகு யோசித்துப் பார்த்ததில், இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் பாதியை அத்தை அந்த ஒரு வரியிலேயே சொல்லிவிட்டார்.

வீட்டிலேயே மெழுகுவத்தி செய்வதைப் பற்றி எழுதத் தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி மூன்று வகையாக வருகிறது. நெல்லிக்குப்பம் பக்கம் சொந்தத் தென்னை வைத்திருப்பவர், செக்கில் ஆட்டிய எண்ணெய் மீந்திருக்கிறது, மெழுகுவத்தி ஆக்கலாமா என்கிறார். புதுச்சேரியில் ஓர் இளம்பெண், கடற்கரைச் சாலைக் கடைகளுக்கு வாசனை மெழுகுவத்தி செய்து கொடுக்க நினைக்கிறார்; தேங்காய் மெழுகு வாங்கட்டுமா, சோயா வாங்கட்டுமா என்று கேட்கிறார். கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர், புயல் காலத்துக்கு நாமே செய்து வைத்துக்கொண்டால் மிச்சம்தானே என்கிறார். மூவருக்கும் ஒரே பதில் கிடையாது. ஆனால் மூவரும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றே: மே மாத மதியம் மூன்று மணிக்கு அந்த மெழுகுவத்தி உங்கள் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கும்?

எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் வெயில். நம் ஊரில் மே மாத நண்பகலில் 37, 38 டிகிரி சர்வசாதாரணம். சில நாள்களில் 40-ஐயும் தாண்டும். இணையத்தில் கிடைக்கும் செய்முறைகளில் பெரும்பாலானவை வீட்டுக்குள் 20 டிகிரி இருக்கும் ஊர்க்காரர்கள் எழுதியவை. அவர்கள் சமையலறையில் தேங்காய் எண்ணெய் ஆண்டு முழுவதும் வெண்ணெய்க் கட்டிபோல உட்கார்ந்திருக்கும். நம் வீட்டில் அது மார்கழி விடியலில் மட்டும் புட்டியின் கழுத்தில் உறைந்து, குழந்தையின் தலைக்கு எண்ணெய் வைக்க முடியாமல் நம்மைத் திட்ட வைக்கும். எட்டு மணி வெயிலுக்கு மறுபடி உருகிவிடும்.

இரண்டாவது, எதற்காக ஏற்றுகிறோம் என்பது. வெளிச்சத்துக்கா, வாசனைக்கா, வழிபாட்டுக்கா? மூன்றாவது, உண்மையான செலவு. மெழுகின் விலை மட்டும் செலவு ஆகாது. டம்ளர், திரி, வாசனைத் தைலம், வீணாய்ப் போன முதல் ஐந்தாறு முயற்சிகள் எல்லாம் அதில் சேரும். நான்காவது, உருக்கும்போதும் எரியும்போதும் உள்ள ஆபத்து. ஐந்தாவது, விற்பதாக இருந்தால் வேறு ஒரு கணக்கு உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த ஐந்தில் முதலாவதில் தோற்கும் பொருள் மற்ற நான்கில் ஜெயித்தாலும் பயனில்லை. அதனால் வெயிலைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

தேங்காய் எண்ணெய் ஏன் நிற்பதில்லை

தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உருகிவிடும். அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு நிறைவுற்ற கொழுப்பு, அதாவது ஹைட்ரஜன் முழுக்க ஏறிய கொழுப்பு. "நிறைவுற்ற கொழுப்பு என்றால் கெட்டியாகத்தானே இருக்க வேண்டும்?" என்று ஒரு வேதியியல் ஆசிரியை என்னைக் கேட்டார். நியாயமான கேள்வி. விடை கொழுப்புச் சங்கிலியின் நீளத்தில் இருக்கிறது. தேங்காய் எண்ணெயின் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம். அது 12 கார்பன் கொண்ட குட்டையான சங்கிலி. மெழுகுவத்திக்குப் பெயர் பெற்ற ஸ்டியரிக் அமிலத்துக்கு 18 கார்பன். சங்கிலி குட்டையாக இருந்தால் சீக்கிரம் இளகும்.

கடைக்காரர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள் என்பதால் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எண்ணெயில் ஹைட்ரஜனை ஏற்றினால் அது கெட்டியாகும். வனஸ்பதி அப்படித்தான் வந்தது. சோயா எண்ணெய் சோயா மெழுகாவதும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயோ ஏற்கெனவே பெரும்பாலும் நிறைவுற்றது. இனிமேல் ஹைட்ரஜன் ஏற்ற அதில் இடமே குறைவு. முழுக்க ஏற்றினாலும் உருகுநிலை 33 முதல் 36 டிகிரி வரைதான் போகும். நம் மே மாதத்துக்கு அது போதாது. எனவே, "தேங்காய் மெழுகு" என்ற பெயரில் கெட்டியாக ஒரு பொருள் உங்கள் கைக்கு வருகிறது என்றால், அதில் வேறு ஏதோ மெழுகு கலந்திருக்கிறது. சோயா, பாரஃபின் (பெட்ரோலியத்திலிருந்து வரும் மெழுகு), தேன்மெழுகு, பனை எண்ணெயிலிருந்து எடுத்த மெழுகு என்று எதுவாகவும் இருக்கலாம். கலப்பதில் குற்றமில்லை. "நூறு விழுக்காடு தேங்காய்" என்று எழுதி விற்பதைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

வழி ஒன்று: தனித் தேங்காய் எண்ணெய்

உறைய வைக்கப் போராடாதீர்கள். திரவமாகவே எரியுங்கள். நம் முன்னோர் அகலிலும் காமாட்சி விளக்கிலும் செய்தது அதுதான். கண்ணாடி டம்ளரில் அதையே செய்தால் மேஜை மேல் வைக்கும் அழகான விளக்கு கிடைக்கிறது.

செய்முறை எளிது. தடித்த கண்ணாடி டம்ளரில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதன் மேல் இரண்டு விரற்கடை உயரத்துக்கு எண்ணெய். எண்ணெய் மிதக்கும். புட்டி மூடும் தக்கையை மெல்லிய வில்லையாக நறுக்கி, அலுமினியத் தாள் சுற்றி, நடுவில் துளையிட்டுத் திரியைக் கோத்து மிதக்க விடுங்கள். திரி தக்கைக்கு மேல் அரை சென்டிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, நீட்டினால் புகை. தக்கைக்குப் பதிலாகத் தெர்மோகோல் துண்டை வைக்கும் புத்திசாலித்தனம் வேண்டவே வேண்டாம். அது உருகி எரிந்து வீடெல்லாம் நாறும். எண்ணெய் தீர்ந்து திரி தண்ணீரைத் தொடும்போது படபடவென்று தெறிக்கும். அதற்குமுன் அணைத்துவிடுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். இந்த ஊரில் தேங்கிய தண்ணீரைக் கொசு கண்டுபிடிக்க அரை நாள் போதும்.

செக்கு எண்ணெயில் கசடும் ஈரமும் இருக்கும். திரி அடைத்துக்கொண்டு மங்கும், சடசடக்கும். நான்கு நாள் அசையாமல் வைத்துத் தெளிய விட்டு, மேலாக இறுத்து, துணியில் வடிகட்டினால் பெரும்பாலும் சரியாகும். தேங்காய் மணம் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எரியும்போது அது ஏறக்குறைய இருக்காது. வாசனைத் தைலம் கலக்கவும் இது ஏற்றதல்ல.

மறைந்திருக்கும் செலவு எண்ணெயின் விலை. 2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். 200 மில்லி டம்ளரை மெழுகுவத்திபோல நிரப்ப 160 கிராம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 920 கிராம். ஆக, 400 ரூபாய் விலையில் டம்ளருக்கு 70 ரூபாய்க்கு எண்ணெய் போகிறது. மீன் குழம்புக்கும் தலைக்கும் ஆகும் எண்ணெயை 70 ரூபாய்க்கு எரிப்பதை எங்கள் வீட்டில் யாரும் ஒப்பவில்லை. ஆனால் நெல்லிக்குப்பத்துக்காரருக்கு இது வேறு கணக்கு. அவரிடம் இருப்பது பழைய எண்ணெய், சிக்கு வாடை வந்துவிட்டது, சமையலுக்கு ஆகாது. அதை விளக்கில் எரிப்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

வழி இரண்டு: தேங்காய் எண்ணெயோடு கெட்டிப்படுத்தி

இதில்தான் பலர் பணத்தைக் கரைக்கிறார்கள். நானும் கரைத்தேன். எண்ணெயோடு தேன்மெழுகோ ஸ்டியரிக் அமிலமோ சேர்த்து உருக்கி ஊற்றுவது. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியில் உருகும். கடையில் கிடைக்கும் ஸ்டியரிக் அமிலம் தூய்மையானது அல்ல, பால்மிட்டிக் அமிலம் கலந்தது. அது 55 டிகிரியை ஒட்டி உருகும்.

குளிர்நாட்டுச் செய்முறைகளில் பாதிக்குப் பாதி என்று போட்டிருக்கும். அதே அளவில் செய்த டம்ளரைச் சித்திரையில் வெளியே வைத்துப் பார்த்தேன். உருகவில்லை, ஆனால் வியர்த்தது. மேலே எண்ணெய் முத்து முத்தாய் நின்றது. இரண்டு நாளில் டம்ளரின் அடியில் வளையமாய்க் கசிந்து, அலமாரிக் காகிதத்தில் வடை மடித்த தாள் மாதிரிக் கறை. பிறகு எண்ணெய் ஒரு பங்கு, தேன்மெழுகு இரண்டு பங்கு என்று மாற்றியதில் நின்றது. நின்றுவிட்டதே என்று மகிழ்ந்து கணக்குப் பார்த்தால், அது தேங்காய் எண்ணெய் தடவிய தேன்மெழுகுவத்தி! நல்ல தேன்மெழுகு விலை அதிகம்; மலிவாகக் கிடைத்தால் பாரஃபின் கலந்திருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும்.

ஸ்டியரிக் அமிலம் சேர்ப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. செம்பு, பித்தளைப் பாத்திரத்தில் உருக்காதீர்கள். அமிலம் செம்போடு சேர்ந்து மெழுகைப் பச்சையாக்கும். எவர்சில்வர் போதும்.

ஸ்டியரிக் அமிலத்துக்கும் புதுச்சேரிக்கும் தொடர்பு இல்லைதான், ஆனால் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஊரில் உட்கார்ந்து எழுதும்போது இதைச் சொல்லாமல் போக மனமில்லை. கொழுப்பைப் பிரித்து கிளிசரினை நீக்கி, எஞ்சிய கெட்டியான கொழுப்பு அமிலத்தில் மெழுகுவத்தி செய்யலாம் என்று 1825-இல் காப்புரிமை வாங்கியவர்கள் ஷெவ்ரல், கே-லூசாக் என்ற இரண்டு பிரெஞ்சு வேதியியலாளர்கள். அதற்குமுன் ஏழைகள் மாட்டுக் கொழுப்பு மெழுகுவத்தியின் நாற்றத்தோடும் புகையோடும் வாழ்ந்தார்கள். அணைத்த எண்ணெய் விளக்கின் திரியிலிருந்து மூக்கைத் துளைக்கும் காரமான புகை வருமே, அது கிளிசரின் கருகுவதால் வருவது. தேங்காய் எண்ணெயிலும் அதே கிளிசரின் இருக்கிறது. "இயற்கையானது, ஆகவே புகையில்லை" என்பவர்களிடம் இதை நினைவூட்டலாம். எந்த மெழுகிலும் திரி தடித்தாலும் நீண்டாலும் கரி வரும்.

இந்த வழி யாருக்கு? கார்த்திகை, மார்கழியில் ஏற்றித் தீர்த்துவிடப் பத்துப் பன்னிரண்டு டம்ளர் செய்ய நினைப்பவர்களுக்கு. பிள்ளைகளோடு விடுமுறையில் செய்து பார்க்க. அதற்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன்.

வழி மூன்று: கடையில் வாங்கும் தேங்காய் மெழுகு

கலவை என்று தெரிந்துகொண்டு வாங்கினால் இது நல்ல பொருள். வெண்ணெய் போன்ற மென்மை, டம்ளரின் சுவரோடு ஒட்டி நிற்கும், மேற்பரப்பு வழுவழுப்பாக அமையும், வாசனையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். பரிசுப் பெட்டியில் வைத்துக் கொடுக்கும் வாசனை மெழுகுவத்திக்கு இதைவிட அழகான முடிவு பாரஃபினில் வருவதில்லை.

வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள். உருகுநிலை என்ன? வேறு எது கலந்திருக்கிறது? முதல் கேள்விக்கு விடை 45 டிகிரிக்குக் கீழே என்றால் நான் வாங்க மாட்டேன். இரண்டாவதற்கு "அது எங்கள் தொழில் ரகசியம்" என்று பதில் வந்தால், குறைந்தது பாரஃபின் உண்டா இல்லையா என்றாவது கேட்டு வையுங்கள். உங்கள் வாடிக்கையாளர் ஒருநாள் உங்களைக் கேட்பார்.

முதலில் கால் கிலோ மட்டும் வாங்கி ஓர் அலமாரிச் சோதனை நடத்துங்கள். ஒரு கரண்டி மெழுகை எவர்சில்வர் தட்டில் ஊற்றி உறைய விட்டு, வீட்டிலேயே அதிக வெப்பமுள்ள இடத்தில், பரண் மேலோ மாடியறை ஜன்னல் ஓரத்திலோ, மூன்று நாள் வையுங்கள். விரலால் அழுத்தினால் குழிவிழுகிறதா, எண்ணெய் கசிகிறதா என்று பாருங்கள். மூட்டைக் கணக்கில் வாங்கிய பிறகு இதைச் செய்து பயனில்லை.

செய்வதில் தவறு நடப்பது பெரும்பாலும் திரியில். உருகிய தேங்காய் மெழுகு தண்ணீர்போல் நீர்த்து ஓடும். மெல்லிய திரி அதில் மூழ்கி அணையும். தடித்தது கரியைக் கக்கும். 7 சென்டிமீட்டர் அகல டம்ளருக்கு மூன்று அளவு திரிகளைத் தனித்தனி டம்ளரில் வைத்து எரித்துப் பாருங்கள். ஒவ்வோர் இரண்டரை சென்டிமீட்டர் அகலத்துக்கும் ஒரு மணி நேரம் என்று கணக்கு; மூன்று மணி நேரத்தில் உருகிய குளம் டம்ளரின் விளிம்பைத் தொட்டால் திரி சரி. தொடவில்லை என்றால், நடுவில் மட்டும் கிணறு வெட்டிக்கொண்டு போய், சுற்றிலும் மெழுகு வீணாக நின்றுவிடும். பாதி மெழுகு எரியாமல் நின்றால் விலை இரு மடங்காகிறது என்றுதானே பொருள்?

வாசனைத் தைலம் 100 கிராம் மெழுகுக்கு 6 முதல் 8 கிராம். அளவு கூட்டினால் மணம் கூடும் என்று நினைத்து 12 கிராம் போட்ட என் மல்லிகை டம்ளர் எரியவே மறுத்தது, தைலம் மேலே மிதந்தது. தாவர மெழுகில் மணம் ஊறப் பத்து, பதினைந்து நாள் ஆகும். ஊற்றிய மறுநாளே விற்கக் கொடுக்கத் துடிக்காதீர்கள். நிறத்துக்கு எண்ணெயில் கரையும் சாயம் மட்டும். கேசரிப் பவுடரும் மஞ்சள் தூளும் அடியில் படிந்து திரியை அடைக்கும்.

சோயாவைப் பற்றி ஒரு வார்த்தை. டம்ளருக்கான சோயா மெழுகு 50 டிகிரியை ஒட்டி உருகும், வெயிலில் கலவைத் தேங்காயைவிட ஒருபடி நம்பகமானது. மேலே வெண்பூ பூத்தாற்போல் படியும் என்பதுதான் குறை. பார்வைக்கு மட்டும், எரிவதில் ஒன்றுமில்லை.

வழி நான்கு: பாரஃபின்

பெட்ரோலியத்திலிருந்து வருவதால் இதைச் சொல்லவே சிலர் முகம் சுளிக்கிறார்கள். மெழுகுவத்தி என்று நாம் சிறுவயதிலிருந்து பிடித்த வெள்ளைக் குச்சி இதுதான். சென்னை மணலியில் உள்ள சென்னை பெட்ரோலியம் நிறுவனம் தயாரிக்கிறது. தொலைவிலிருந்து வரவழைக்க வேண்டியதில்லை. 58 டிகிரிக்கு மேல் உருகும் ரகம் எளிதில் கிடைக்கும். நான்கு வழிகளில் கிலோ விலை குறைந்ததும் இதுவே.

அச்சில் வார்த்து டம்ளர் இல்லாமல் நிற்கும் மெழுகுவத்தி வேண்டும் என்றால், இதை விட்டால் தேன்மெழுகுதான். தேங்காய் மெழுகு அச்சிலிருந்து கழன்று வராது, வந்தாலும் நிற்காது. பாரஃபின் ஆறும்போது சுருங்கும், திரியைச் சுற்றிக் குழி விழும். அதனால் கொஞ்சம் மெழுகை மீதம் வைத்து இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். அவ்வளவுதான் சிரமம்.

வில்லியனூர் மாதா கோயிலுக்கோ, நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கோ மெழுகுவத்தி வேண்டுமென்றால் யோசிக்கவே வேண்டாம். திறந்த வெளி, வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று, வரிசையாய் நட்டுவைக்கும் குச்சிகள். டம்ளர் மெழுகு அங்கே செலவும் பாரமும்தான்.

ஒரே பார்வையில்

| | தனி எண்ணெய் (விளக்காக) | எண்ணெய் + கெட்டிப்படுத்தி | கடைத் தேங்காய் மெழுகு | பாரஃபின் |
|---|---|---|---|---|
| உருகுநிலை | 24–25 டிகிரி | அளவைப் பொறுத்தது | பையில் எழுதியிருக்கும். 45-க்கு மேல் தேடுங்கள் | 58 டிகிரிக்கு மேல் |
| மே மாத மதியம் | கவலையில்லை, ஏற்கெனவே திரவம் | வியர்க்கும் | நல்ல கலவை தாங்கும் | தாங்கும் |
| வாசனை | இல்லை | சுமார் | மிக நன்று | நன்று |
| டம்ளர் தேவையா | ஆம் | ஆம் | ஆம் | வேண்டியதில்லை |
| மறை செலவு | எண்ணெய் விலை | தேன்மெழுகு, வீணாகும் முயற்சி | டம்ளர், தைலம், திரிச் சோதனை | அச்சு, இரண்டாம் ஊற்று |
| ஏற்ற இடம் | பூஜை, உணவு மேஜை, மீந்த எண்ணெய் | பனிக்காலப் பொழுதுபோக்கு | பரிசு, விற்பனை | புயல், தேவாலயம், கல்லறை |

புயல் காலத்துக்கு

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. மின்கம்பங்களும் தென்னையும் பலாவும் முந்திரியும் ஒன்றாய்ச் சாய்ந்தன. எங்கள் ஆயா வீட்டுக்கு மின்சாரம் திரும்பப் பொங்கலும் கழிந்தது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலின்போதும் கதை அதிகம் மாறவில்லை. முதுநகர்க்காரரின் கேள்வி எனக்கு வேடிக்கையாகத் தோன்றாததற்குக் காரணம் இதுதான்.

அவருக்கு நான் எழுதியது: முதலில் சார்ஜ் செய்யும் விளக்கு இரண்டு வாங்கி வையுங்கள். அதன்பிறகு, கடையில் வாங்கிய பாரஃபின் மெழுகுவத்தி ஒரு பாக்கெட். வீட்டில் செய்தால் மிச்சம் என்பது இந்த ஒரு காரியத்தில் பொருந்தாது. அச்சும் திரியும் வாங்கும் காசுக்குக் கடைச் சரக்கே வாங்கிவிடலாம். ஆனால் மூன்றாம் நாள், நான்காம் நாள் என்று மின்தடை நீளும்போது, கடைகளில் மெழுகுவத்தி தீர்ந்துபோன பிறகு, சமையலறையில் இருக்கும் எண்ணெயும் பழைய வேட்டித் துணியில் கிழித்த திரியும் கைகொடுக்கும். ஆயா வீட்டில் கடைசி ஒரு வாரம் எரிந்தது அகல்தான். தேங்காய் எண்ணெய்க்கு இன்னொரு நல்ல குணம், அது மண்ணெண்ணெய்போலச் சட்டென்று பற்றாது. அதற்காகக் கவிழ்ந்தால் ஆபத்தில்லை என்று எண்ண வேண்டாம். எரியும் திரி எங்கே போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது.

உருக்கும் இடத்தில்

எந்த மெழுகானாலும் நேரடித் தீயில் உருக்கக் கூடாது. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதிக்க, அதற்குள் சிறிய பாத்திரத்தில் மெழுகு. வெப்பமானி ஒன்று வாங்குங்கள். பக்கத்தில் பாத்திரத்துக்குப் பொருந்தும் மூடி இருக்க வேண்டும். மெழுகு பற்றிக்கொண்டால் அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் தீ கூரை வரை எழும்பும். மீந்த மெழுகைத் தொட்டியில் ஊற்றினால் குழாயில் உறைந்து, பிளம்பருக்குக் கொடுக்கும் கூலியில் அடுத்த இரண்டு கிலோ மெழுகு வாங்கியிருக்கலாம்.

கொட்டாங்குச்சி மெழுகுவத்தியைப் பற்றியும் கேட்கிறீர்கள். சுற்றுலாக் கடைகளில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கொட்டாங்குச்சி என்பது கரி செய்யப் பயன்படும் நல்ல விறகு. மெழுகு ஊறிய கொட்டாங்குச்சியின் நடுவில் திரியை ஏற்றுவது, விறகுக்கு நடுவில் விளக்கு வைப்பதுதான். சிறு தகர டப்பியில் ஊற்றிய மெழுகுவத்தியைக் கொட்டாங்குச்சிக்குள் வைத்தால் அழகும் இருக்கும், வீடும் இருக்கும்.

விற்பதாக இருந்தால்

புதுச்சேரிப் பெண்ணுக்கு என் பரிந்துரை: 45 டிகிரிக்கு மேல் உருகும் தேங்காய்க் கலவை அல்லது டம்ளர் சோயா, ஒரே அளவு டம்ளர், இரண்டே வாசனை. பத்து வகை வைத்தால் பத்துத் திரிச் சோதனை. செலவைக் கணக்கிடும்போது 160 கிராம் மெழுகு மணிக்கு 6 கிராம் எரிந்தால் 26 மணி நேரம் வரும் என்று காகிதத்தில் போடாதீர்கள். சமையலறைத் தராசில், ஏற்றுமுன் ஒருமுறை, மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். பெட்டியில் எழுதும் மணிக்கணக்கு அதிலிருந்து வரட்டும். அடியில் ஒரு சென்டிமீட்டர் மெழுகு மிஞ்சும்போது அணைக்கச் சொல்லி எழுத வேண்டும். அந்த அளவையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எடுத்துப்போகும் வழியும் முக்கியம். வெயிலில் நிறுத்திய ஸ்கூட்டரின் இருக்கைப் பெட்டிக்குள் எந்தத் தேங்காய் மெழுகும் தப்பாது. கோடையில் விடியற்காலையில் கொண்டுபோய்க் கொடுங்கள், அல்லது ஏப்ரல் முதல் ஜூன் வரை பாரஃபின் கலவைக்கு மாறுங்கள்.

கடலூரிலிருந்து செய்து விற்க நினைப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. முள்ளோடையைத் தாண்டினால் புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அரை மணிப் பயணம்தான், ஆனால் ஜிஎஸ்டி கணக்கில் அது மாநிலம் விட்டு மாநிலம் போகும் விற்பனை. ஊருக்குள் விற்கும் சிறு வியாபாரிக்குப் பதிவு தேவைப்படாத இடத்திலும், எல்லை தாண்டிப் பொருள் விற்றால் பதிவு பற்றிய விதி மாறுகிறது. கைவினைப் பொருள்களுக்கு விலக்குகள் உண்டு. அவை உங்களுக்குப் பொருந்துமா என்று முதல் ஆர்டருக்கு முன்பே கணக்காளரைக் கேட்டுவிடுங்கள். பெட்டியில் நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரிப்பாளர் முகவரி ஆகியவையும் அச்சாக வேண்டும்.

அந்தப் பன்னிரண்டு டம்ளர்களைப் பற்றிக் கேட்பீர்கள். எண்ணெயை இறுத்து ஒரு எவர்சில்வர் தூக்கில் ஊற்றி வைத்தேன். வெள்ளிக்கிழமைதோறும் அத்தை அதிலிருந்துதான் காமாட்சி விளக்குக்கு ஊற்றுகிறார். திரிகளை மட்டும் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். மார்கழி வரட்டும் என்று.